முனியாண்டி முன்னால் முதல் கை

சாத்தப்பச் செட்டியார் அறிக்கையைப் படிக்கவில்லை, புரட்டினார். பந்தியில் வாழையிலையைத் தூக்கிப் பார்த்துக் கிழிசல் தேடுகிறவர் மாதிரி ஒவ்வொரு தாளாகத் திருப்பிவிட்டு மேசைமேல் போட்டார்.

“பேரு எங்கம்மா?”

“என்ன பேரு முதலாளி?”

“திருடன் பேரு. வீடு வீடாப் போனே, எல்லார்கிட்டயும் பேசினே. நான் கேட்டது பேரு. நீ காரணத்த எழுதிக் கொண்டாந்திருக்கே.”

“காரணம்தான் முக்கியம் முதலாளி.”

“போலீஸ் ஸ்டேஷன்ல காரணத்தப் பிடிச்சு உள்ள வெக்க மாட்டாங்கம்மா. பேரைத்தான் வெப்பாங்க.”

பக்கத்தில் நின்ற ஆபீஸ் கணக்குப்பிள்ளை, கிராணி திருநாவுக்கரசு சிரித்தார். முதலாளி பேசி முடித்ததும் சிரிப்பது அவர் வேலையில் ஒரு பகுதி. குமுதவல்லி சிரிக்கவில்லை.

பெத்தாச்சி தோட்டத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததே ஒரு கூத்து. லுக்குட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செட்டியாரின் பாட்டனார் வாங்கிப் போட்ட தோட்டம் அது. அப்போது ரப்பர், இப்போது செம்பனை. பழம் வாங்குகிற மில்லுக்கு ஏதோ சர்டிபிகேட் வேண்டுமாம். அந்த சர்டிபிகேட்டுக்குத் தோட்டத்தில் ஒரு சமூக அதிகாரி இருக்க வேண்டுமாம். செட்டியார் சிரம்பானில் உட்கார்ந்து யோசித்தார். அதே தோட்டத்தில் பால் வெட்டியவளின் மகள் ஒருத்தி யூனிவர்சிட்டியில் குற்றவியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று கிராணி சொன்னார். சர்டிபிகேட்டும் ஆச்சு, பழத் திருட்டைத் துப்புத் துலக்கவும் ஓர் ஆள் ஆச்சு. கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். அவள் குடும்பத்தில் அந்த ஆபீசுக்குள் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். உட்கார்ந்த அன்றைக்கே, எழுந்து போவதாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை என்று முடிவு பண்ணிவிட்டாள்.

“முதலாளி, நான் சொல்றது ரொம்பச் சின்ன விஷயம். நாங்க இருந்த லயத்து வரிசை வீடுகள இடிச்சு எல்லாரையும் பின்னால ரூமா மூராவுல கொண்டு போய் வெச்சீங்க. மலிவு வீடு, சரி. அங்கிருந்து பெரிய ரோட்டுக்கு வர்றதுக்கு நம்ம தோட்டத்துப் பாதைதான் வழி. செனாவாங் பேக்டரி பஸ் தோட்டத்து வாசல்லதான் நிக்கும். போன வருஷம் யாரோ லாரி கொண்டாந்து பழக் குலைய ஏத்திட்டுப் போனாங்கன்னு நீங்க வாசல் கேட்டப் பூட்டுனீங்க. ஆபீஸ் தொறக்கும்போதுதான் கேட்டும் தொறக்கும். பஸ் விடியறதுக்கு முன்னாடியே போயிடும்.”

“சுத்துப் பாதை இருக்குல்ல?”

“இருக்கு. மோட்டர் சைக்கிள் இருக்கிறவன் போறான். இல்லாதவன் ஆத்துப் பாலத்தத் தாண்டி நடந்து வர்றதுக்குள்ள பஸ் செனாவாங்ல போய் நின்னுடும். ஒவ்வொருத்தரா வேலை போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த மூட்டைத் திருட்டு. பூட்டுறதுக்கு முன்னாடி திருட்டு லாரில வந்துச்சு. பூட்டினதுக்கு அப்புறம் கால்ல வருது.”

“கேட்டப் பூட்டினா திருடுவாங்களா? சிரம்பான்ல என் வீட்டு கேட்டும்தான் பூட்டியிருக்கு.”

“உங்க வீட்டு வாசலுக்குள்ள யாரும் பஸ் ஏற வர்றதில்ல முதலாளி.”

கிராணி சிரிக்க வாயெடுத்து, யார் பேசியது என்று பார்த்து மூடிக்கொண்டார்.

செட்டியார் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். தைப்பூசத்துக்கு அன்னதானம் போடுவார். கோவிலுக்குச் சாயம் அடித்துக் கொடுப்பார். கை நிறையக் கொடுத்துவிட்டு, காலுக்குக் குறுக்கே கம்பியைப் போடுகிறவர்.

“ஏழைன்னா திருடலாம்னு யூனிவர்சிட்டில சொல்லிக் குடுத்தாங்களா?”

“எங்கம்மாவும் ஏழைதான். வீட்டுக்குப் பின்னால குலை குலையாக் கிடந்துச்சு, எடுத்துட்டு வரல. ஏழையா இருந்தா திருடுவாங்கன்னு நான் எழுதவே இல்ல, படிச்சுப் பாருங்க. மேல போறதுக்கு ஒரு வழியக் காட்டி, பாதி தூரம் ஏறினவன் காலுக்குக் கீழ ஏணிய உருவினா என்ன ஆகும்னு எழுதியிருக்கேன்.”

செட்டியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனத்தில் வேறு ஒன்று இருந்தது.

“காவக்கார ஜாகா நல்லசாமி முனியாண்டி கோவிலுக்குப் பின்னால ஒரு மூட்டை உதிரிப் பழத்தக் கண்டுபிடிச்சான். போட்டுட்டு ஓடினவனப் பாத்திருக்கான். முதுகத்தான் பாத்தானாம்.”

“முதுகு எப்படி இருந்துச்சாம்?”

“நீல டீசட்ட,” என்றார் கிராணி. “பேக்டரி டீசட்ட.”

“அப்ப ரூமா மூராவுல பாதிப் பேரு உள்ள போகணும் அங்கிள். என் தலையணைக்கு உறையே அதுதான்.”

“அதுக்குத்தான் ஒரு வழி,” என்றார் செட்டியார். “வர்ற ஞாயித்துக்கிழமை திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. ரூமா மூரா ஆம்பளப் பயலுக எல்லாரும் முனியாண்டி முன்னால வரட்டும். கற்பூரத்து மேல கைய வெச்சுச் சத்தியம் பண்ணட்டும். எவன் பண்ண மாட்டேங்கிறானோ, எவன் வரலையோ, அவன் பேரு போலீசுக்குப் போகும். ஏற்பாடு உன் பொறுப்பு.”

அவள் வாய் திறப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

*

முனியாண்டி கோவில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. செம்பனைக்கு நடுவே, வெட்ட யாருக்கும் துணிச்சல் வராததால் தப்பிய ஓர் ஆலமரம். அடியில் முட்டைக் கண்ணும் முறுக்கு மீசையுமாக முனியாண்டி. முன்னால் ஒரு வேல். வாயில் வைக்கச் சுருட்டு, காலடியில் ஸ்டவுட் பீர் பாட்டில்.

குமுதவல்லி போனபோது குணாளன் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். தாய்மாமன் மகன். இருவரும் லயத்தில் ஒரே வயதில் வளர்ந்து, ஒரே தொட்டியில் குளித்து, ஒருவரையொருவர் வாடா போடி என்றே கூப்பிட்டு, ‘கட்டிக்கப் போறதுங்க இப்படியா பேசும்’ என்று ஊர் கேலி பண்ணிப் பண்ணி ஓய்ந்துபோனவர்கள். செனாவாங்கில் எலக்ட்ரானிக் பேக்டரியில் ஆறேழு பேரை மேய்க்கிற லைன் லீடர் வரைக்கும் போனவன். பஸ் போனதோடு அதுவும் போயிற்று.

“ஞாயித்துக்கிழம சத்தியமாம்டா. கேள்விப்பட்டியா?”

“ம்.”

“அந்த ஆளுக்குக் கிறுக்கு. நீ வந்து கைய வெச்சுட்டுப் போயிரு. உனக்கென்ன.”

குணாளன் தோரணக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு கோவிலுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு மறுபடியும் அவனை.

“எரும. நீயா?”

“நாந்தான்.”

“எத்தன தடவ?”

“எண்ணல. வேலை போன பிறகு. பின்பக்க ரோட்டுல ஒருத்தன் லாரியோட வருவான், வாங்கிக்குவான்.”

“உனக்கு அறிவு இருக்கா? நான் அங்க உக்காந்து பக்கம் பக்கமா எழுதிக்கிட்டிருக்கேன்.”

“நல்லாத்தான் எழுதியிருப்பே. அதுல என் பேரு இல்லல்ல, அதுவரைக்கும் சந்தோஷம் லா.”

“சிரிக்காத. ஞாயித்துக்கிழம சத்தியம் பண்ணிடு. தப்பில்ல. மிரட்டி வாங்குற சத்தியம் சத்தியமே இல்ல.”

“மாட்டேன்,” என்றான். வேகமாகச் சொல்லவில்லை, மழை வராது என்கிற மாதிரி சொன்னான். “எங்கப்பா காய்ச்சல்ல கிடந்தப்ப இங்கதான் படுத்து எழுந்திரிச்சாரு. இங்க பொய் சொல்ல என்னால ஆகாது. போலீஸ் கூட்டிட்டுப் போகட்டும்.”

“போனா ஒரு கேஸ் விழும். ஒரு கேஸ் விழுந்தா எந்த பேக்டரியும் உன்ன உள்ள விடாது. அப்புறம் உனக்கு வேலை குடுக்கிறவன் எவன்னு தெரியுமா? அந்த லாரிக்காரன் மாதிரி ஆளுங்க மட்டும்தான். மூட்டையில ஆரம்பிச்சவன எங்க கொண்டு போய் விடுவாங்கன்னு நான் வருஷக்கணக்காப் படிச்சிருக்கேன்டா.”

“அது சரி. ஒண்ணு சொல்லு. கேட்டப் பூட்டினதாலதான் நான் திருடினேன்னு எழுதியிருக்கே. ராமகிருஷ்ணனுக்கும்தான் வேலை போச்சு. அவன் பகாவ் போய் மாமனார் கடையில மூட்டை தூக்குறான். திருடலையே. நான்தான திருடினேன்?”

இந்தக் கேள்வியை வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் அவள் புத்தகம் மாதிரி பதில் சொல்லியிருப்பாள். இங்கே கேட்கிறவன் கையில் பழச் சாயம் இன்னும் போகவில்லை.

“ஆமா, நீதான். அது உன் பங்கு. ராமகிருஷ்ணனுக்கு மாமனார் இருந்தாரு, உனக்கு இல்லன்னு வேணா நான் சொல்லலாம். ஆனா உன் பங்கு உன் பங்குதான், அதுக்கு நீதான் நிக்கணும். நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.” மூச்சு விட்டாள். “கேட்டுக்கும் ஒரு பங்கு இருக்கு. அதுக்கு யாரு நிப்பா? அத யாரும் கேக்குறதே இல்ல. பாதிக் கணக்குக்கு உன்ன முழுசாப் பிடிச்சுக் குடுத்துட்டு, முடிஞ்சுபோச்சுன்னு வீட்டுக்குப் போயிடுறாங்க.”

குணாளன் வேலின் அடியில் சிந்தியிருந்த குங்குமத்தை விரலால் ஒதுக்கினான். “முனியத்தான் கேக்கணும்.”

அந்தப் பேச்சோடு வீட்டுக்கு நடந்தவளுக்குப் பாதி வழியில் கால் நின்றது. லயத்தில் நீலாவதி சித்தியின் கோழி காணாமல் போன கதை ஞாபகம் வந்தது. சித்தி பக்கத்து வீட்டுக்காரியை முனியாண்டி முன்னால் இழுத்துவந்து சத்தியம் கேட்டாள். அப்போது தீ ஏற்றியவர் என்ன சொன்னார்? கேட்கிறவள் கை முதலில். அது லயத்துச் சட்டம். சத்தியம் கேட்கிறவர், எந்த வார்த்தையைச் சொல்லச் சொல்கிறாரோ அதே வார்த்தையைத் தான் முதலில் தீயின்மேல் சொல்ல வேண்டும். வார்த்தையும் அவரவர் இஷ்டத்துக்கு இல்லை. கோழிக்கும் நகைக்கும் புருஷனுக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை. சித்தி கையை நீட்டினாள், யோசித்தாள், இழுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியின் மரத்து முருங்கைக்காயைத் தான் பறித்த விஷயம் சித்திக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள்.

செட்டியார்கள் சிரம்பானில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு முனியாண்டியைத் தெரியும், லயத்துச் சட்டம் தெரியாது.

குமுதவல்லி நடையை எட்டிப் போட்டாள். ஏற்பாடு அவள் பொறுப்பு என்று அவர்தானே சொன்னார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலமரத்தடி கொள்ளவில்லை. ஆம்பளைப் பயல்களைத்தான் வரச் சொன்னது. வந்தது ரூமா மூரா மொத்தமும். பெண்கள் ஒரு பக்கம். முன்னால் குணாளனின் அம்மா பஞ்சாலை. அவளும் அதே பஸ்ஸில் போய் அதே பேக்டரியில் வேலை பார்த்தவள். இப்போது லுக்குட் பாசார் சந்தையில் மீன் அலசுகிறாள். மகன் என்ன செய்தான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தேவையில்லை என்று தெரிந்தது.

செட்டியார் பட்டு வேட்டியில் வந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. கோவில் செயலாளரும் திருநாவுக்கரசுதான் என்பதால் கற்பூரத் தட்டு அவர் கையில்.

“ஒவ்வொருத்தனா வாங்க,” என்றார் கிராணி. “லைன் கட்டுங்க.”

“இருங்க அங்கிள்,” என்றாள் குமுதவல்லி. “இங்க முறை என்ன? கேட்கிறவங்க கை முதல்ல. நீங்களும் லயத்துல பொறந்தவருதான், மறந்துட்டீங்களா?”

கிராணி தட்டைப் பார்த்தார். பொய் சொல்ல நல்ல இடமாக அது தெரியவில்லை. “முறை அதுதான் முதலாளி,” என்று இழுத்தார்.

“அதுக்கென்ன,” என்றார் செட்டியார். உண்மையிலேயே அவருக்குக் கூச்சமில்லை. “நான் என்ன பழமா திருடினேன்? வார்த்தையச் சொல்லு.”

“அடுத்தவன் சோத்துல நான் கை வைக்கல,” என்றாள் அவள். “அவ்வளவுதான். காலங்காலமா இதுதான் வார்த்தை.”

கற்பூரம் பற்றியது. செட்டியார் கையைத் தீக்கு மேலே நீட்டினார். மோதிரக் கல் மின்னியது.

“அடுத்தவன் சோத்துல...”

“ஒரு நிமிஷம் முதலாளி.” அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமலே எல்லோருக்கும் கேட்டது, ஏனென்றால் அங்கே குருவிகூடச் சத்தம் போடவில்லை. “சொல்றதுக்கு முன்னாடி ஒரு சந்தேகத்த மட்டும் தீத்துக்குவோம். எனக்காக இல்ல, முனிக்காக. பஞ்சாலை அத்தை அந்த கேட்டு வழியாப் போயி வேலை பாத்தாங்க. இப்ப போக முடியல. நீங்க பூட்டினதால. அது அவங்க சோத்துல கை வெச்சதா, இல்லையா? இல்லன்னா தாராளமாச் சொல்லுங்க. தீ இருக்கு.”

“குமுதா,” என்றார் கிராணி.

“நான் முதலாளியக் கேட்டேன் அங்கிள்.”

செட்டியாரின் கை அங்கேயே நின்றது. வியாபாரத்தில் அவர் நூறு பேரிடம் நூறு மாதிரி பேசியிருப்பார். வரிக்காரனிடம் ஒன்று, வங்கிக்காரனிடம் ஒன்று. ஆனால் தீக்கு மேலே கையை வைத்துக்கொண்டு பேசிப் பழக்கமில்லை. அவர் பஞ்சாலையைப் பார்த்தார். பஞ்சாலை அவரைப் பார்க்காமல் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் வேணும்னு பண்ணல,” என்றார்.

“யாருமே வேணும்னு பண்றதில்ல,” என்றாள் குமுதவல்லி. “அதான் விஷயமே.”

கையை இழுத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு போயிற்று. அந்தப் பெருமூச்சு அடங்குவதற்குள் குணாளன் முன்னால் வந்துவிட்டான்.

“அந்த மூட்டை என்னுது முதலாளி. அதுக்கு முன்னாடி எடுத்ததும் நான்தான். யாரும் சொல்லி எடுக்கல. என் பங்குக்கு நான் நிக்கிறேன்.”

பஞ்சாலை எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதே இடத்தில் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். அடித்த கை அவன் சட்டையை விடவில்லை.

செட்டியார் கிராணியிடம் திரும்பினார். போலீஸ் என்று சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“பஸ் எப்ப வரும்?”

“எந்த பஸ் முதலாளி?”

“செனாவாங் பஸ்ஸுய்யா. வேற எந்த பஸ்ஸப் பத்தி இவ்வளவு நேரம் பேசுறா இந்தப் பொண்ணு?”

“விடியறதுக்கு முன்னாடி. அப்புறம் சாயந்தரம் ஒண்ணு.”

“நல்லசாமிகிட்ட சாவியக் குடு. பஸ் வர்றதுக்கு முன்னாடி தொறந்திருக்கணும். திருவிழா முடியிற வரைக்கும் பாப்போம். இவன் விஷயத்தையும் அப்புறம் பாப்போம்.”

“அப்புறம் வேணாம் முதலாளி,” என்றாள் குமுதவல்லி. “இப்பவே சொல்லிடுங்க. தீ இன்னும் அணையல.”

“உனக்கு வாய் ஜாஸ்தி.”

“சர்டிபிகேட்டுக்காரங்க அதுக்குத்தான் என்ன வெக்கச் சொன்னாங்க.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். இந்த முறை கிராணி இல்லை. செட்டியார் தீயைப் பார்த்தார், குணாளனைப் பார்த்தார்.

“ரிப்போர்ட் குடுக்கல. இவன் திருவிழா வரைக்கும் கூலியில்லாம உதிரிப் பழம் பொறுக்கட்டும், எடுத்த பழத்துக்கு ஈடா. ஆனா ஒண்ணு. இன்னொரு குலை காணோம்னா கேட்ட மறுபடி பூட்டிடுவேன்.”

“காணாமப் போகும் முதலாளி. எந்த ஊருலயும் ஒண்ணு ரெண்டு காணாமப் போகத்தான் செய்யும். போனா எடுத்தவனத் தேடுங்க, நானே கூட வர்றேன். ஒருத்தனத் தேட ஊரையே பூட்டாதீங்க.”

செட்டியார் திருநீறு வாங்கிக்கொண்டு காருக்கு நடந்தார். கதவைச் சாத்துவதற்கு முன்னால் மட்டும், “அந்த அறிக்கையத் திரும்பக் குடு. படிக்கிறேன்,” என்றார்.

கற்பூரம் அதுபாட்டுக்கு எரிந்து அணைந்தது. அன்றைக்கு முனியாண்டி முன்னால் ஒருவர்கூடச் சத்தியம் பண்ணவில்லை.

*

திருவிழா முடிந்த மறுநாள் கேட்டு மறுபடியும் பூட்டப்படும் என்று பயந்தவர்கள் பெண்கள்தான். பயந்துகொண்டு சும்மா இருக்கவில்லை. பஞ்சாலை ஜாகாவிடம் பேச்சுக் கொடுத்து அந்தப் பித்தளைப் பூட்டை வாங்கிப் போய், மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, முனியாண்டியின் வேலில் மாட்டிவிட்டாள். சாவி ஜாகாவிடம், பூட்டு முனியிடம். வேண்டுமென்றால் செட்டியார் வந்து கழற்றிக்கொள்ளட்டும். அவர் வரவில்லை. புதுப் பூட்டு லுக்குட் கடையில் கிடைக்கும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு முறை இரண்டு குலை காணாமல் போனது. குமுதவல்லி சொன்னபடியே கிராணியோடு போய் லாரி தடத்தைப் பார்த்துவிட்டு வந்து, லாரிக்காரன்மேல் ரிப்போர்ட் கொடுக்க வைத்தாள். கேட்டு திறந்தே இருந்தது.

பேக்டரியில் குணாளனுக்குப் பழைய நாற்காலி கிடைக்கவில்லை. அவனையும் பஞ்சாலையையும் கான்ட்ராக்டில் எடுத்தார்கள், அடிமட்டத்திலிருந்து. தான் மேய்த்த பையன் இப்போது தன்னை மேய்க்கிறான் என்று வீட்டில் புலம்பினான். “அது கேட்டோட பங்கா, உன் பங்கா?” என்று குமுதவல்லி கேட்டாள். “போடி,” என்றான்.

அவர்கள் மறுபடி பஸ் ஏறின முதல் நாள் அவளும் வாசலுக்கு வந்திருந்தாள். இருட்டு இன்னும் முழுசாகக் கலையவில்லை. செம்பனைக்கு நடுவில் நீல டீசட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜாகா நல்லசாமி கேட்டை விரியத் தள்ளிவிட்டு டார்ச்சை அடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குணாளன் முகத்தில் வெளிச்சம் நின்றது. பிறகு அவன் தோளில் தொங்கிய பைக்கு இறங்கியது.

“டேய், திரும்பு. முதுகப் பாக்கணும். முகத்த எனக்கு அடையாளம் தெரியாது.”

குணாளன் திரும்பிக் காட்டினான்.

“ம், இதேதான். மூட்டையில என்னடா?”

“சோறுண்ணே. எங்கம்மா கட்டினது. கை வெச்சுடாதீங்க.”

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. பஞ்சாலை மகனை முந்திக்கொண்டு ஓடினாள்.